மாணவர் இடங்களும் அவற்றின் சாவியும்: ஜப்பானியப் பல்கலைக்கழக வளாகம்

ஜப்பானில் பல்கலைக்கழகம் தொடங்குவோருக்கு வகுப்பறையும் ஆசிரியரும் மட்டும் போதாது. 1956இல் கல்வி அமைச்சகம் பிறப்பித்து, பின்னர் பலமுறை திருத்திய பல்கலைக்கழக நிறுவன விதிகள், அனுமதிக்கப்பட்ட சேர்க்கை அளவின்படி மாணவர் ஒருவருக்கு 10 சதுர மீட்டர் நிலம் வேண்டும் என்கின்றன. அந்த நிலத்தில் மாணவர்கள் இளைப்பாறுவதற்கேற்ற திறந்த வெளியும் விட்டிருக்க வேண்டும். நூலகமும் மருத்துவ அறையும் விதிகளில் பெயர் சொல்லியே கேட்கப்படுகின்றன. அரசு நிறுவியவை, மாவட்டமோ மாநகராட்சியோ நடத்துபவை, தனியார் நடத்துபவை என ஏறக்குறைய 800 பல்கலைக்கழகங்களுக்கும் இது பொது.

எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லும் விதிகள், அந்த இடத்தை யார் நடத்துவது என்பதைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கே விட்டுவிடுகின்றன. விடுதியில் யாருக்கு அறை கொடுப்பது, மன்ற அறையை இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவது, உணவகத்தில் என்ன சமைப்பது ஆகியவற்றை முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் நூறாண்டுக்கும் மேலாக வழக்கும் சமரசமும் மாறி மாறி நடந்திருக்கின்றன. இந்தக் காலத்தில் கட்டடங்களின் தரம் பெரிதும் உயர்ந்தது. அவற்றை ஆளும் உரிமையோ சிறிது சிறிதாக மாணவர் கையிலிருந்து நிர்வாகத்தின் கைக்குப் போனது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய வளாகத்தின் அமைப்பு விளங்கும்.

நிலமும் வாயிலும்

1877இல் நிறுவப்பட்ட தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹொங்கோ வளாகம், காகா நாட்டை ஆண்ட மாயெதா குடும்பத்தின் தோக்கியோ மாளிகை நிலத்தில் உருவானது. ஷோகன் தொகுகாவா இயெநாரியின் மகளை மாயெதா குடும்பத் தலைவர் மணந்தபோது, 1827இல், அவளை வரவேற்கக் கட்டிய சிவப்பு வாயில் இன்றும் நிற்கிறது. மாளிகைத் தோட்டத்தின் குளமும் அப்படியே இருக்கிறது. நட்சுமே சோசெகி 1908இல் எழுதிய நாவலின் நாயகன் பெயரால் அது சன்ஷிரோ குளம் என்று வழங்குகிறது. வகுப்புகளுக்கு நடுவே மாணவர்கள் வந்து உட்காரும் நிழலான இடம் அது. வசேதா பல்கலைக்கழகத்தின் முதன்மை வாயிலுக்குக் கதவே கிடையாது. யாரும் வரலாம் என்பதன் அடையாளமாக அந்நிறுவனம் அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. பெரும்பாலான ஜப்பானிய வளாகங்களில் பகல் நேரத்தில் வெளியாரும் தடையின்றி நடந்து செல்லலாம், உணவகத்தில் சாப்பிடவும் செய்யலாம். பூட்டும் அடையாள அட்டையும் குறுக்கிடுவது கட்டடங்களுக்குள் நுழையும்போதுதான்.

விடுதிகள்

மாணவர் இடங்களின் வரலாற்றில் விடுதிக்கே முதலிடம். போருக்கு முந்தைய கல்வி முறையில் பல்கலைக்கழகம் புகுவதற்கு முன் மூன்றாண்டு மேல்நிலைப் பள்ளியில் படிக்க வேண்டும். அவற்றுள் தலையானது தோக்கியோவின் முதல் மேல்நிலைப் பள்ளி. அதன் தலைமை ஆசிரியர் கினோஷிதா ஹிரோஜி 1890இல் விடுதியின் நிர்வாகத்தை மாணவர்களிடமே ஒப்படைத்தார். ஒழுங்கு விதிகளை எழுதுவது, குழுவைத் தேர்ந்தெடுப்பது, சமையலறையைக் கவனிப்பது, தவறு செய்தவரைத் தண்டிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பாயின. நாட்டை நடத்தப் போகிறவர்கள் தங்கள் வீட்டை முதலில் நடத்திப் பழக வேண்டும் என்பது அதன் உட்பொருள். மற்ற மேல்நிலைப் பள்ளிகளும் இம்முறையைப் பின்பற்றின. சப்போரோ வேளாண் கல்லூரியாக 1876இல் தொடங்கிய ஹொக்காய்தோ பல்கலைக்கழகத்தின் கெய்தெகி விடுதியும் தன்னாட்சி மரபில் வளர்ந்தது. 1912இல் மாணவர்கள் இயற்றிய அதன் விடுதிப் பாட்டை நாடெங்கும் அறிவர்.

முதல் மேல்நிலைப் பள்ளி 1935இல் கொமாபாவுக்கு இடம் மாறியது. அங்கே எழுந்த கான்கிரீட் விடுதி, போருக்குப் பின் கல்வி முறை மாறியபோது தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கொமாபா விடுதியாகத் தொடர்ந்தது. வறிய குடும்பத்துப் பிள்ளைகள் தலைநகரில் படிக்க அதுவே வழி. ஓர் அறையில் பலர் தங்கினார்கள். சில அறைகள் நாடகக் குழுக்களுக்கும் ஆய்வு வட்டங்களுக்கும் கூடமாயின. 1991இல் விடுதியை மூடப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. மாணவர்கள் ஏற்கவில்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகும் சிலர் அங்கேயே தங்கினர். வழக்குகள் நடந்தன. 2001 ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவோடு அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த இடத்தில் 2006இல் உணவகம், கடை, இசைப் பயிற்சி அறைகள் கொண்ட புதிய மாணவர் வளாகம் எழுந்தது. அது வெளிச்சமான, வசதியான கட்டடம் என்பதில் ஐயமில்லை. எந்த நேரத்தில் எந்த அறை என்பதை மட்டும் முன்பதிவும் அட்டவணையும் தீர்மானிக்கின்றன.

விடுதிகள் மீது அரசின் கை படத் தொடங்கியது அதற்கும் முன்பே. 1964இல் கல்வி அமைச்சகம் தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிய அறிவிப்பு, விடுதிச் செலவில் எதைப் பல்கலைக்கழகம் ஏற்பது, எதை மாணவர் ஏற்பது என்று பிரித்தது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான மின்சாரமும் எரிபொருளும் மாணவர் தலையில் விழுந்தன. பார்வைக்குக் கணக்குத் தொடர்பான விஷயம்தான். ஆனால் விடுதி என்பது கல்வியின் ஒரு பகுதியா, வெறும் தங்குமிடமா என்ற கேள்விக்கு அரசு தந்த விடையாகவே மாணவர்கள் அதைப் படித்தார்கள். அடுத்த பல ஆண்டுகள் விடுதிப் போராட்டங்களுக்கு அந்த அறிவிப்பே காரணமாக இருந்தது. பின்னர் கட்டப்பட்ட விடுதிகளில் தனி அறைகள் பெருகின. பொதுச் சமையலறைகளும் கூட்டக் கூடங்களும் குறைந்தன.

கியோத்தோ பல்கலைக்கழகத்தின் யோஷிதா விடுதி இந்தக் கதையின் மையம் என்றே சொல்லலாம். 1913இல் கட்டிய அதன் இரண்டு மாடி மரக் கட்டடம், ஜப்பானில் இன்று எஞ்சியுள்ள மாணவர் விடுதிகளுள் மிகப் பழையது. அதன் உணவுக் கூடம் 1889இல் கட்டப்பட்டது. மின்சாரம், தண்ணீர் உட்பட விடுதிக் கட்டணம் மாதத்துக்கு ஏறக்குறைய 2,500 யென்னாக இருந்தது. கியோத்தோவில் தனியார் அறை எடுத்தால் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் ஆகும். யார் சேரலாம் என்பதை விடுதிவாசிகளே கலந்து பேசி முடிவு செய்தார்கள். வாக்கெடுப்பால் முடிக்காமல், எல்லோரும் ஒப்பும் வரை பேசுவது அங்குள்ள வழக்கம். ஆண், பெண், வெளிநாட்டார் எனப் பிரிக்காமல் இடம் கொடுத்தார்கள்.

2017 டிசம்பரில் பல்கலைக்கழகம், பழைய கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்காது என்று கூறி, மறு ஆண்டு செப்டம்பர் முடிவுக்குள் எல்லோரும் வெளியேறுமாறு அறிவித்தது. கட்டடத்தை வலுப்படுத்த வேண்டும் என்பதில் விடுதிவாசிகளுக்கும் மறுப்பில்லை. அதைப் பற்றிப் பேசியே முடிவெடுப்பது என்று முந்தைய நிர்வாகங்கள் எழுத்தில் தந்த உறுதியை மீறியதுதான் அவர்கள் குறை. 2019இல் பல்கலைக்கழகம் தன் மாணவர்கள் மீதே வழக்குத் தொடுத்தது. 2024 பிப்ரவரியில் கியோத்தோ மாவட்ட நீதிமன்றம் பெரும்பாலான எதிர்வாதிகள் தங்கியிருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த எழுத்துறுதிகளுக்கு நீதிமன்றம் மதிப்புத் தந்ததே தீர்ப்பின் முக்கியப் பகுதி. மேல்முறையீட்டில், 2025 ஆகஸ்டில் ஒசாகா உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டது. கட்டட வேலைக்காக 2026 மார்ச் முடிவுக்குள் விடுதிவாசிகள் வெளியேறுவது என ஒப்புக்கொள்ளப்பட்டது.

வேறொரு வகை விடுதியும் இதற்கிடையே வளர்ந்தது. தொஹோகு பல்கலைக்கழகம் 2007 முதல் கட்டிவரும் விடுதிகளில் எட்டுப் பேருக்கு ஒரு தொகுதி. ஒவ்வொருவருக்கும் தனி அறை, நடுவே பொது வரவேற்பறையும் சமையலறையும். ஜப்பானிய மாணவரும் வெளிநாட்டு மாணவரும் ஒரே தொகுதியில் சேர்ந்திருப்பார்கள். பெப்பு நகரில் 2000இல் தொடங்கிய ரித்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் மாணவருள் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டார். அவர்கள் முதலாண்டை வளாகத்தில் உள்ள விடுதியில் கழிக்கிறார்கள். 2004இல் தொடங்கிய அகித்தா சர்வதேசப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர் எல்லோருக்கும் விடுதி வாசம் கட்டாயம். வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையை 3 லட்சமாக்கும் திட்டத்தை அரசு 2008இல் அறிவித்தது. இலக்கு 2019இல் எட்டப்பட்டது. அந்தப் பத்தாண்டில் எழுந்த புதிய விடுதிகள் பலவற்றுக்கும் இத்திட்டமே தூண்டுதல். சேர்ந்து வாழ்ந்து கற்பது என்ற பழைய விடுதியின் எண்ணம் இவற்றில் உயிரோடு இருக்கிறது. அதை நடத்துவது நிர்வாகம் நியமிக்கும் மூத்த மாணவ உதவியாளர் என்பதே வேறுபாடு.

உணவகமும் கூட்டுறவும்

ஜப்பானிய வளாகத்தில் மாணவரும் அலுவலரும் சேர்ந்து உரிமை கொண்டாடும் இடம் ஒன்று இருக்குமானால் அது கூட்டுறவுச் சங்கம்தான். செய்க்யோ என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதன் வேர் 1898இல் கியோத்தோவின் தொஷிஷாவில் ஆபே இசோ தொடங்கிய நுகர்வோர் சங்கத்தில் இருக்கிறது. ஏழைகளிடையே பணிசெய்த கிறித்தவ ஊழியர் ககாவா தொயோஹிகோவின் வழிகாட்டலில் 1926இல் தோக்கியோ மாணவர் நுகர்வோர் சங்கம் உருவானது. போர்க்கால அரசு அதைக் கலைத்தது. 1945க்குப் பின் உணவும் நோட்டுப் புத்தகமும் கிடைக்காத காலத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் வளாகம்தோறும் சங்கங்களை மறுபடி கட்டினார்கள். 1947இல் தேசியக் கூட்டமைப்பு தோன்றியது. மறு ஆண்டு நுகர்வோர் கூட்டுறவுச் சட்டம் வந்தது. இன்று சுமார் 200 பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இச்சங்கங்கள் இயங்குகின்றன.

சேரும்போது மாணவர் ஒரு பங்குத் தொகை செலுத்துகிறார். படிப்பு முடிந்து போகும்போது அது அப்படியே திரும்ப வந்துவிடும். ஆசிரியரும் அலுவலரும்கூட உறுப்பினர்களே. பேராளர் பேரவையில் ஆண்டுக் கணக்கும் திட்டமும் வாக்குக்கு வரும். உணவகம், புத்தகக் கடை, கணினி விற்பனை, பயணச் சீட்டு, ஓட்டுநர் பயிற்சிச் சேர்க்கை, அறை தேடித் தருவது வரை அதன் பணிகள் விரிகின்றன. உறுப்பினர் விலைக் கழிவில் புத்தகம் கிடைப்பது மாணவருக்குப் பெரிய உதவி.

உணவகத்தில் தட்டை எடுத்துக்கொண்டு நகர வேண்டும். சோறு, மிசோ சூப், பொரித்த மீன், கீரை, தோஃபு எனச் சிறு கிண்ணங்களில் வேண்டியதை வைத்துக்கொண்டு முடிவில் காசு கொடுக்கலாம். கறிச்சோறும் உதோன், ராமென் நூடுல்ஸும் தனி வரிசையில். ரசீதில் விலையோடு கலோரிக் கணக்கும், சத்துகளைச் சிவப்பு, பச்சை, மஞ்சள் எனப் பிரித்த புள்ளிகளும் அச்சாகி வரும். பெற்றோர் முன்பணம் கட்டிவிட்டால் நாள்தோறும் குறிப்பிட்ட தொகைக்குச் சாப்பிடும் அட்டை பல இடங்களில் உண்டு. தனியே தங்கும் பிள்ளைகள் காலை உணவைத் தவிர்ப்பது கவலையானபோது, 2010களில் ரித்சுமெய்கான் உள்ளிட்ட பல பல்கலைக்கழகங்கள் 100 யென்னுக்குக் காலை உணவு தரத் தொடங்கின. மீதிச் செலவைப் பெற்றோர் சங்கமோ முன்னாள் மாணவரோ ஏற்கிறார்கள். முஸ்லிம் மாணவர் பெருகிய பிறகு ஹலால் உணவும் கியோத்தோ, தோக்கியோ போன்ற பெரிய பல்கலைக்கழகங்களின் உணவகங்களில் இடம்பெற்றது.

உணவக மேசைகூட மாணவர் வாழ்வைக் காட்டிவிடும். தனியே சாப்பிடுவதைப் பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் சிலர் கழிவறைக்குள் போய்ச் சாப்பிடுகிறார்கள் என்ற செய்தி 2009 வாக்கில் ஜப்பானிய நாளிதழ்களில் பெரிதாகப் பேசப்பட்டது. 2012இல் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மைய உணவகம் நீண்ட மேசைகளின் நடுவே தடுப்பு வைத்தது. எதிரே உட்காருபவரின் முகம் தெரியாது, தனியே வருபவர் நிம்மதியாகச் சாப்பிடலாம். கோபே பல்கலைக்கழகத்திலும் வேறு இடங்களிலும் இது பரவியது. தனிமையை ஊக்குவிப்பதாக இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் கூட்டமாக இருந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்து ஒருவரை விடுவித்த அந்தத் தடுப்புப் பலகை, பல பெரிய கட்டடங்கள் செய்யாத உதவியைச் செய்தது.

உறுப்பினர் குறையோ கோரிக்கையோ எழுதிப் போட ஒரு சிறு சீட்டும் பெட்டியும் எல்லாக் கூட்டுறவுக் கடைகளிலும் இருக்கும். அலுவலர் அதன் கீழே பதில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். தோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷிராயிஷி என்ற அலுவலர், விற்க முடியாத பொருள்களைக் கேட்டு மாணவர்கள் விளையாட்டாக எழுதிய சீட்டுகளுக்கும் பொறுமையோடும் அன்போடும் பதில் எழுதினார். 2005இல் அவை நூலாக வெளிவந்து நாடெங்கும் விற்றுத் தீர்ந்தன. கேட்டால் பதில் வரும், அதுவும் பெயர் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி வரும் என்ற நடைமுறைதான் அந்த நூலின் அடித்தளம்.

கூட்டுறவும் தவறியதுண்டு. ஹொங்கோ வளாகத்தில் யாசுதா அரங்கின் முன்புள்ள திடலுக்கு அடியில் மைய உணவகம் இருக்கிறது. அதன் சுவரில் ஓவியர் உசாமி கெய்ஜி 1977இல் வரைந்த பெரிய ஓவியம் நாற்பதாண்டு தொங்கியது. உணவகத்தைப் புதுப்பித்தபோது, 2017இல், அது கழிவாக அப்புறப்படுத்தப்பட்டது. மறு ஆண்டு ஓவியம் எங்கே என்று ஒருவர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பல்கலைக்கழகமும் கூட்டுறவுச் சங்கமும் மன்னிப்புக் கேட்டன. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட ஒரு கலைப்படைப்பைக் காக்கும் பொறுப்பு எவருடையது என்று தெளிவாக இல்லாததன் விளைவு இது.

மன்ற அறைகளும் மாணவர் மாளிகைகளும்

வகுப்புக்கு வெளியே மாணவர் வாழ்வு பெரும்பாலும் மன்றங்களில் நடக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரால் போட்டியிடும் விளையாட்டுக் கழகங்களில் பயிற்சியும் மூத்தோர் இளையோர் ஒழுங்கும் கடுமை. அவற்றைவிடத் தளர்வான நட்பு வட்டங்களுக்கு மலையேற்றம், மங்கா, ரயில், ஜாஸ், தன்னார்வப் பணி என எதுவும் பொருளாகலாம். இவற்றுக்குத் தரும் சிறு அறையில்தான் இசைக் கருவி, பழைய இதழ், கழற்றிய காலணி, அடுத்த நிகழ்ச்சிக்கான விளம்பரத்தாள் எல்லாம் குவிந்திருக்கும். அறை பெற வேண்டுமானால் பொறுப்பாசிரியர், உறுப்பினர் பட்டியல், கணக்கு ஆகியவற்றை ஆண்டுதோறும் காட்ட வேண்டும். தேநீர்ச் சடங்குக்கான அறை, வில்வித்தைத் திடல், கெந்தோவும் ஜூதோவும் பயிலும் கூடம் ஆகியன பழைய வளாகங்களில் தவறாமல் இருக்கும். ஹொங்கோவில் 1938இல் எழுந்த ஷிச்சிதொகு கூடம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இந்தச் சிறு அறைகள் நாட்டு அரசியலையும் அசைத்தன. 1965 டிசம்பரில் வசேதாவில் தொடங்கி மறு ஆண்டு வரை நீடித்த போராட்டத்துக்குக் கட்டண உயர்வு ஒரு காரணம். புதிதாகக் கட்டிய இரண்டாம் மாணவர் மாளிகையை யார் நிர்வகிப்பது என்பது மற்றொன்று. மூன்றாண்டுக்குப் பின் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களின் பயிற்சி நிலை குறித்து எழுந்த தகராறு வளாகம் முழுவதும் பரவியது. வங்கியாளர் யாசுதா ஸென்ஜிரோவின் நன்கொடையில் 1925இல் கட்டிய அரங்கை மாணவர்கள் கைப்பற்றிக்கொண்டார்கள். 1969 ஜனவரி 18, 19 தேதிகளில் சுமார் 8,500 காவலர்கள் கண்ணீர்ப் புகையும் நீர்ப் பீரங்கியும் கொண்டு அதை மீட்டனர். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. அவ்வாண்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வே நடக்கவில்லை. சிதைந்த அரங்கு பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் திறக்க இருபதாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில் பல்கலைக்கழக நிர்வாகம் பற்றிய தற்காலிகச் சட்டம் வந்தது. 1973இல் ட்சுகுபா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, நிர்வாக முறையிலும் வளாக அமைப்பிலும் அந்தக் கலவர ஆண்டுகளின் பாடம் எதிரொலித்தது. பரந்த நிலத்தில் துறைகள் தனித்தனித் தொகுதிகளாகச் சிதறி நிற்கின்றன. நீண்ட நடைபாதையும் வட்டச் சாலையும் அவற்றை இணைக்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் கூடும் பெரிய நடுத்திடல் அதன் அமைப்பில் முதன்மை பெறவில்லை. வசேதாவில் வகுப்புக் கட்டடங்களின் அடித்தளங்களில் பல ஆண்டுகளாக இருந்த மன்ற அறைகள் 2001இல் எதிர்ப்புக்கிடையே மூடப்பட்டன. மன்றங்கள் தொயாமாவில் எழுந்த புதிய மாணவர் மாளிகைக்கு மாறின. மேடை, ஒலிப்பதிவு அறை, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் கொண்ட உயர்ந்த கட்டடம் அது. நுழைய மாணவர் அட்டை வேண்டும். இரவில் குறித்த நேரத்தில் கதவு சாத்தப்படும்.

வளாகத்துக்கு வெளியேயும் மாணவர் இடங்கள் உண்டு. மலையடிவாரத்திலோ கடற்கரையிலோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான தங்கும் இல்லங்களில் ஒரு பேராசிரியரின் மாணவர் குழு ஓரிரு இரவு தங்கிக் கட்டுரைகளை விவாதிக்கும். பல பல்கலைக்கழகங்கள் பொதுவில் பயன்படுத்த 1965இல் ஹச்சியோஜி குன்றில் திறந்த கருத்தரங்க இல்லம் இவ்வகையில் புகழ்பெற்றது. யோஷிஸாகா தகமாசா வடிவமைத்த அதன் முதன்மைக் கட்டடம் தலைகீழாக நிலத்தில் ஊன்றிய பிரமிடு வடிவில் நிற்கிறது. அறிவியல், பொறியியல் மாணவருக்கோ இன்னொரு வீடு ஆய்வுக்கூடம். நான்காம் ஆண்டில் ஒரு பேராசிரியரின் குழுவில் சேர்ந்ததும் அங்கே தனக்கென ஒரு மேசை கிடைக்கும். தேநீர்க் கெண்டி, குளிர்பதனப் பெட்டி, இரவு தங்கினால் சாய்ந்துகொள்ள ஒரு சோபா என்று அது மெல்ல மெல்லக் குடும்பம் போல் ஆகிவிடும். வளாகத்தில் மாணவருக்கு உண்மையாகவே சொந்தம் என்று சொல்லத்தக்க இடம் பெரும்பாலும் அந்த மேசை ஒன்றுதான்.

புறநகருக்குப் போனதும் திரும்பியதும்

வளாகங்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. தோக்கியோ மையப் பகுதியில் தொழிற்சாலைகளோடு பெரிய வகுப்பறைகளையும் புதிதாகக் கட்டுவதை அது கட்டுப்படுத்தியது. 1964இல் ஒசாகா, கியோத்தோ பகுதிக்கும் இதே போன்ற சட்டம் வந்தது. மாணவர் எண்ணிக்கை பெருக, தனியார் பல்கலைக்கழகங்கள் புறநகர்க் குன்றுகளை நாடின. சூவோ பல்கலைக்கழகம் தோக்கியோ மையத்திலிருந்து 1978இல் தாமாவுக்குக் குடிபெயர்ந்தது. சுற்றிலும் கடைத்தெரு இல்லாத இடம் என்பதால் மாணவர்களுக்கு நான்கு மாடியிலும் உணவு தரும் ஒரு தனிக் கட்டடமே கட்டினார்கள். நகரத்தில் பக்கத்துத் தெரு தந்த காபிக் கடையும் பழைய புத்தகக் கடையும் அங்கே வளாகத்துக்குள்ளேயே ஏதோ ஒரு வடிவில் இருந்தாக வேண்டியதாயிற்று. மோனோரயில் அங்கு வந்ததே 2000இல்தான்.

சட்டம் 2002இல் நீக்கப்பட்டது. குழந்தை பிறப்புக் குறைந்து, மாணவரை ஈர்ப்பதே பெரும் போட்டியானதால் பல்கலைக்கழகங்கள் நகருக்குத் திரும்பின. ஆயோயாமா காகுயின் 2013இல் தன் கலை, சமூகவியல் துறை மாணவர்களை ஷிபுயா அருகே உள்ள பழைய வளாகத்துக்கு அழைத்துக்கொண்டது. சூவோவின் சட்டத் துறை 2023இல் நகர மையத்துக்கு வந்தது. நகரில் நிலம் கிடைக்காது என்பதால் வளாகம் மேல்நோக்கி வளர்ந்தது. மெய்ஜி பல்கலைக்கழகம் 1998இல் எழுப்பிய 23 மாடிக் கோபுரத்தில் உணவகம் 17ஆவது மாடியில் இருக்கிறது. நிழல் மரத்தின் வேலையை அங்கே மின்தூக்கி முன்புள்ள கூடமும் சாளரத்தோர நாற்காலியும்தான் செய்கின்றன. வகுப்பு முடிந்ததும் கூட்டம் மின்தூக்கிகளில் பிரிந்து இறங்கிவிடுவதால், தற்செயலாக ஒருவரை ஒருவர் சந்தித்து நின்று பேசுவது குறைகிறது. கோபுர வளாகத்தின் உண்மையான இழப்பு இதுதான்.

நூலகமும் பேசிப் படிக்கும் கூடமும்

1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தோக்கியோ பல்கலைக்கழக நூலகம் எரிந்துபோனது. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் நன்கொடையால் 1928இல் எழுந்த பெரிய நூலகம் உயர்ந்த படிக்கட்டும் அமைதியான வாசிப்புக் கூடங்களும் கொண்டது. அதன் முன்புறத் திடலின் அடியில் 2017இல் வேறு வகை அறை ஒன்று திறக்கப்பட்டது. அங்கே பேசலாம், விவாதிக்கலாம், மேசைகளை நகர்த்தலாம். திடலில் உள்ள நீரூற்றின் அடிவழியாகப் பகலொளி உள்ளே வருகிறது. அதற்கும் கீழே 30 லட்சம் நூல்கள் கொள்ளும் தானியங்கிக் கிடங்கு. வாசகர் கேட்ட நூலை இயந்திரம் எடுத்து மேலே அனுப்புகிறது.

பேசிப் படிக்கும் இத்தகைய கூடங்கள் ஜப்பானில் பெருகியது 2000களின் பிற்பகுதியில். ஒச்சனோமிசு பெண்கள் பல்கலைக்கழக நூலகத்தில் 2007இல் அமைந்தது முன்னோடிகளில் ஒன்று. மாணவர் கேட்பதை விட்டுத் தாமே தேடிக் கற்க வேண்டும் என்று மையக் கல்விக் குழு 2012இல் அரசுக்கு அறிக்கை தந்த பிறகு வேகம் கூடியது. மறு ஆண்டு தொஷிஷா தன் இமாதெகாவா வளாகத்தில் இரண்டு மாடி முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கியது. கட்டுரை எழுத வழிகாட்டும் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் அங்கே பணியில் இருப்பார்கள். 2008இல் ட்சுகுபா நூலக வாசலில் ஸ்டார்பக்ஸ் காபிக் கடை வந்தபோது புருவம் உயர்த்தியவர்களும் இருந்தார்கள். இன்று நூலகத்தில் காபிக் கடை இயல்பான காட்சி. வசேதாவில் ஹருகி முரகாமி தந்த நூல்களையும் இசைத்தட்டுகளையும் கொண்டு 2021இல் திறந்த நூலகத்தின் காபிக் கடையை மாணவர்களே நடத்துகிறார்கள்.

அகித்தாவின் நாகாஜிமா நூலகம் இவை எல்லாவற்றிலும் தனித்துத் தெரிகிறது. உள்ளூர் செடார் மரத்தால் 2008இல் கட்டிய அரைவட்டக் கூடம் அது. அடுக்கடுக்காக மேலேறும் அலமாரிகளுக்கு எதிரே வாசிப்பு மேசைகள் படிப்படியாக அமைந்திருக்கின்றன. ஆண்டின் 365 நாளும் 24 மணி நேரமும் மாணவருக்குத் திறந்திருக்கும்படி அது திட்டமிடப்பட்டது. பனி மூடிய ஊரில், விடுதியிலிருந்து நடந்து வரும் தொலைவில், எந்த இரவிலும் விளக்கு எரியும் ஒரு கட்டடத்தை மாணவருக்குக் கொடுத்தது பெரிய நம்பிக்கைதான். பூட்டுகளும் அட்டவணைகளும் பெருகிய காலத்திலேயே அந்த நம்பிக்கையை வைக்க முடிந்திருக்கிறது.

அன்றாட வசதிகள்

வளாகத்தின் மூலையில் நிற்கும் சான்றிதழ் இயந்திரத்தில் அட்டையைச் செருகினால் மதிப்பெண் பட்டியலும் பயிலும் சான்றும் வந்துவிடும். ரயில் கட்டணச் சலுகைச் சான்றும் அதிலேயே கிடைக்கும். ஒரு வழித் தொலைவு 100 கிலோமீட்டரைத் தாண்டினால் ஜேஆர் ரயில்களின் அடிப்படைக் கட்டணத்தில் 20 விழுக்காடு குறையும் என்பதால், விடுமுறைக்கு முன் அந்த இயந்திரத்தின் முன்னே வரிசை நீளும். தேசியப் பல்கலைக்கழகங்களில் 1966 முதல் நலவாழ்வு மையங்கள் ஏற்பட்டன. ஆண்டுதோறும் வசந்தத்தில் எல்லோருக்கும் உடற்பரிசோதனை உண்டு. மனநல ஆலோசகரும் அங்கே இருப்பார். வேலை தேடுவோருக்கு வேலைவாய்ப்பு மையம், சைக்கிள் நிறுத்துமிடம், தொழுகை அறை ஆகியனவும் பரவலாகிவிட்டன. 2019 ஜூலை முதல் வளாகங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தக்க ஏற்பாடு செய்வது 2016 முதல் தேசியப் பல்கலைக்கழகங்களின் கடமையானது. தனியார் நிறுவனங்களையும் அந்தக் கடமை 2024 ஏப்ரலிலிருந்து கட்டுப்படுத்துகிறது. இவ்வளவு தாமதமாகத்தான் அது நடந்தது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

கட்டடக் கலைஞர்களின் சோதனைகள்

கடந்த கால் நூற்றாண்டில் மாணவர் இடங்கள் ஜப்பானியக் கட்டடக் கலையின் முன்வரிசைக்கு வந்திருக்கின்றன. யமமோத்தோ ரிக்கென் வடிவமைத்து 2000இல் திறந்த ஹக்கொதாதே எதிர்காலப் பல்கலைக்கழகத்தில், ஐந்து மாடி உயரத்துக்கு ஒரே கூடமாகப் படிப்பிடம் படிகளாக இறங்குகிறது. ஆசிரியர் அறைகளுக்குக் கண்ணாடிச் சுவர். யார் என்ன செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போதைய தோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தின் ஓக்காயாமா வளாகத்தில் குமா கெங்கோ 2020இல் முடித்த தாக்கி பிளாசா, உள்நாட்டு மாணவரும் வெளிநாட்டு மாணவரும் சந்திப்பதற்கென்றே படிக்கட்டும் கூரைத் தோட்டமுமாக அமைந்தது.

கனகாவா தொழில்நுட்ப நிறுவனத்தில் இஷிகாமி ஜுன்யா எழுப்பிய இரு கட்டடங்கள் இவற்றையெல்லாம் விஞ்சுகின்றன. 2008இல் முடிந்த பட்டறையில் 305 மெல்லிய தூண்கள் சுமார் 2,000 சதுர மீட்டர் பரப்பில் ஒழுங்கின்றி நிற்கின்றன. உள்ளே சுவர் கிடையாது. மாணவர்கள் தாம் செய்ய விரும்பும் எதையும் அங்கே வந்து செய்யலாம். பக்கத்தில் 2020இல் முடிந்த பிளாசாவில் தூணே இல்லை. 12 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டாலான கூரை தொய்ந்து கிடக்க, தரையும் அதனோடு சேர்ந்து குழிந்திருக்கிறது. கூரையின் 59 திறப்புகளில் கண்ணாடி இல்லை. மழை உள்ளேயே விழும். நாற்காலி, மேசை, முன்பதிவுப் பலகை எதுவும் அங்கே வைக்கவில்லை. சரிவான தரையில் படுக்கலாம், உட்காரலாம், நண்பருக்காகக் காத்திருக்கலாம். இன்னது செய்யும் இடம் என்று நிர்வாகம் அதற்குப் பெயரிடவில்லை. அங்கே என்ன நடக்க வேண்டும் என்பது அன்றன்று வரும் மாணவர்களின் முடிவாகவே இருக்கிறது.